முனி குடித்த மிச்சம்

அநியாயம் நடந்தது எங்கம்மாவுக்கு சார், எனக்கில்ல. அத மொதல்ல மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. இல்ல, சேர் வேணாம், நான் நின்னுக்கிட்டே பேசுறேன். அம்மா பேரு அம்சம், நான் மக பாரதி. இன்னிக்கித்தான் மொத மொதல்ல ஏரோப்ளேன் ஏற வந்துருக்கு. அதப் போயி உங்க ஏர்லைன்ஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கற பொண்ணு அத்தன பேரு முன்னாடி சிரிச்சு அசிங்கப்படுத்திடுச்சு. பாட்டில ரெண்டு வெரலால, செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்குற மாதிரி தூக்கி, இது யாரோடதுன்னு கேக்குது. என்ன கேள்வி சார் அது? பையில தண்ணி, எண்ணெ, ஊறுகா எதும் இருக்காம்மான்னு அதுதான் கேட்டுச்சு. ஊறுகா இல்ல தாயி, ஒரு பீரு இருக்குன்னு அம்மாதான் சொல்லுச்சு. மறைக்கணும்னு நெனச்சிருந்தா நாலு பொடவைக்கு நடுவுல சுருட்டி வச்சிருக்காதா? உண்மையச் சொன்ன மனுஷிக்கு இங்க கெடைக்கிற மரியாதை இதுதானா?

பின்னாடி நின்னவனெல்லாம் செல்போன எடுத்துட்டான் சார், படம் புடிக்க. நல்லவேளை, கூத்தாநல்லூர்க்காரங்க ஒருத்தவங்க நின்னாங்க, சைத்தூன் பீவின்னு. மகளுக்குப் பிரசவம்னு போறாங்களாம். ஏன்ப்பா சிரிக்கிறீங்க, சாமி காரியம்னு அந்தம்மா சொல்லுதுல்லன்னு அவங்கதான் திரும்பி ஒரு அதட்டு போட்டாங்க. பாட்டில அவங்க தொடல, தொடவும் மாட்டாங்க. ஆனா அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, இப்பவும் பக்கத்துலயேதான் இருக்காங்க. கண்ணாடி வழியாத் தெரியுதுல்ல? மஞ்சத் துணி சுத்தி, மடியில புள்ள மாதிரி வச்சிருக்கே, அதான் பாட்டிலு.

குரலக் கொறைக்கணுமா? என் குரலே இதான் சார். அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறேன். எங்க யூனிவர்சிட்டி பேச்சுப் போட்டியில மைக்கு செத்துப்போனப்பக்கூட நான் நிறுத்துனதில்ல, பரிசு குடுத்துத்தான் எறக்குனாங்க.

குடிக்கறதுக்கா? என்ன சார் நீங்க. அது படையல் மிச்சம். எங்க ஊரு தாராசுரத்துலேருந்து உள்ள போவணும். வாய்க்கா மதகு ஓரமா முனி இருக்கு. மதகடி முனின்னு சொல்லுவோம். கட்டடம், கோபுரமெல்லாம் கெடையாது. ஒரு மரம், நாலு சூலம், ஒரு அருவா, அவ்ளோதான். ஆத்துல தண்ணி வந்து மதகத் தொறந்தா மொதக் கும்புடு அங்கதான். சுருட்டு, கருவாடு, அவிச்ச முட்டை, சாராயம், அதான் படையலு. இப்ப சாராயத்துக்கு எங்க போறது, டாஸ்மாக்குதான். நீங்க எந்தப் பக்கம் சார்? திருப்பனந்தாளா? அப்ப உங்களுக்குப் போயி நான் முனியப் பத்தி வெளக்கணுமா? பேட்ஜுல நடராசன்னு பாத்தப்பவே நெனச்சேன், நம்ம பக்கமாத்தான் இருக்கணும்னு.

எங்கண்ணன் குணசேகரனுக்காக அம்மா நேந்துக்கிட்டது. அண்ணன் சிங்கப்பூருல கப்பல் பட்டறையில இருக்கு. என்ன நேத்திக்கடன்னா? அது குடும்ப விஷயம் சார், இருக்கட்டும். நெனச்சது நடந்துச்சு, அம்மா பீரு வச்சுப் படைச்சுது. பிராந்தி ஏன் வைக்கலன்னெல்லாம் கேக்காதீங்க, பீருன்னு நேந்துக்கிட்டா பீருதான். பூசாரி மருதையன் என்ன சொல்லிட்டாருன்னா, யாருக்காக நேந்துக்கிட்டீங்களோ அவன் வாயில முனி குடிச்ச மிச்சம் ஒரு மடக்காவது படணும், அப்பத்தான் கடன் தீரும்னுட்டாரு. அண்ணனுக்கு லீவு கெடைக்கல. அதுதான் டிக்கெட் போட்டு எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லிருக்கு. அப்பா, வயலுக்குத் தண்ணி முறை நம்மளோடது, நான் வரலன்னுட்டாரு. அம்மா அப்பயே முடிவு பண்ணிடுச்சு, கையோட கொண்டு போயிக் குடுத்துடறதுன்னு.

கும்பகோணத்துலேருந்து பஸ்ஸுல வந்தப்ப கூட கீழ வைக்கல சார். மிதிபடற எடத்துல வைக்கக்கூடாதாம். கவுண்டர்ல அந்தப் பொண்ணு பாட்டிலத் தரையில வைங்கம்மான்னுச்சு பாருங்க, அப்பத்தான் எங்கம்மாவுக்கு மொகமே மாறிப்போச்சு. பெட்டியில போட்டா அது ஃபிளைட்டுக்கு அடிவயித்துல போகும்னு நான் சொன்னதுக்கே, அப்ப அத்தன சனமும் முனி தலைக்கு மேல காலத் தொங்கப் போட்டுக்கிட்டா போகும்னு கேட்டுச்சு. இதுக்கு உங்களால பதில் சொல்ல முடியுமா?

சீல் ஒடஞ்சிருக்கா? ஆமா, ஒடஞ்சுதான் இருக்கு. மூடியத் தொறக்காம வச்சா முனி எப்படிக் குடிக்கும்? வீட்டுக்கு வந்தவங்களுக்கு சோடாவ மூடியோட நீட்டுவீங்களா நீங்க? முனிக்குப் படைக்கணும்னா தொறந்தாகணும். ஃபிளைட்டுல ஏத்தணும்னா தொறக்கவே கூடாது. இந்த ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல எங்கம்மா மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்க சொல்றதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சீங்களா? முனிக்குக் குடுக்காத பீரு ஜம்முனு போகலாம். முனிக்குக் குடுத்த பீரு போகக்கூடாது. குடிகாரன் பெட்டிக்குள்ள உருளுற பீருக்குத் தடையில்ல, சாமி கண்ணு பட்ட பீருக்கு மட்டும் தடை. அரசியலமைப்புச் சட்டத்துல இருபத்தஞ்சாவது பிரிவு வழிபாட்டு உரிமை குடுக்குது சார். தரையில இருக்கற வரைக்கும்தான், வானத்துல ஏறுனா கெடையாதுன்னு எங்கயாவது எழுதிருக்கா?

கசியாது. வாயில வாழ நாரச் சுருட்டி அடைச்சு, மேல மெழுகுவத்திய உருக்கி ஊத்திருக்கு. பொங்கவும் பொங்காது. மரத்தடியில தொறந்து கெடந்ததுல கேஸெல்லாம் போயி, இப்ப அது கழனித்தண்ணி கணக்கா இருக்கு.

உள்ள போயிப் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமா? ஆமா, நானும் கேள்விப்பட்டேன். செக்கிங் தாண்டுனா அலமாரி அலமாரியா அடுக்கி, வெளக்கு போட்டு வச்சிருக்காங்களாமே. அதுக்கெல்லாம் வழி உண்டு, எங்க முனிக்குத்தான் வழியில்ல. ஆனா அது வெறும் பீரு சார். அம்மாவப் பொறுத்தவரைக்கும் இது பீரே கெடையாது. முனி வாய் வச்சப்பவே தீர்த்தமாயிடுச்சு. திருநீறப் போயி யாராவது சாம்பல்னு சொல்லுவாங்களா, அந்த மாதிரி. அந்த ஒரு விஷயத்துல எங்கம்மாகிட்ட யாரு பேசியும் ஜெயிக்க முடியாது. நானே தோத்துட்டேன்.

என்ன சார், தலைய ஆட்டுறீங்க. நியாயமா இருக்கா? இல்ல இல்ல, அவசரப்படாதீங்க. உங்க பக்கமும் ஏதாவது இருக்குமில்ல. யோசிச்சுப் பாருங்க. முனிக்காகப் பயந்துக்கிட்டு முடிவெடுக்காதீங்க, அத மட்டும் சொல்லிடுறேன். கொரோனா வந்த வருஷம் எங்க மதகுகிட்டயே போலீஸு கயிறு கட்டி வச்சுட்டுது, ஆடியில படையலே இல்ல. என்ன ஆகுமோன்னு ஊரே மெரண்டு கெடந்துச்சு. மருதையன்தான் அருள் வந்து சொன்னாரு, நீங்களா மறந்தா குத்தம், சர்க்காரு தடுத்தா குத்தமில்ல, நான் கோவிச்சுக்க மாட்டேன்னு. அதுலேருந்து எங்க ஊருல அதான் வழக்கம். எங்கம்மா கணக்குல, கழுத்துல அட்டை தொங்கவிட்ட எல்லாரும் சர்க்காருதான். நீங்க கம்பெனி ஆளுன்னு சொன்னாலும் நம்பாது. அதனால நீங்க ஒரு வார்த்த முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா, கடன் அதோட தீந்துச்சுன்னு அர்த்தம். முனிக்கும் திருப்தி, அம்மாவுக்கும் திருப்தி. நான் மட்டும் நியாயம் கெடைக்கலன்னு கத்திட்டுப் போயிடுவேன், அது ஒண்ணும் புதுசில்ல.

எங்க சார் எழுந்துட்டீங்க? யாரக் கூப்புடுறீங்க? நூறு மில்லியா?

சார், உக்காருங்க. ஷாம்பு பாட்டிலெல்லாம் கொண்டு வரச் சொல்லாதீங்க. அந்தக் கதவச் சாத்துங்க, ஒரே நிமிஷம்.

நூறு மில்லி பாட்டில்ல ஊத்துனா கைப்பையில கொண்டு போகலாம்னு எனக்கும் தெரியும். அந்த விதியப் படிச்சுட்டுத்தான் வந்தேன். அதப் பத்தித்தான் வீட்டுலேருந்து இங்க வரைக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு வேண்டியது ஒரு மடக்கு. நூறு மில்லின்னா தாராளம், யாரு காலுக்கும் கீழயும் போகாது, மடியிலயே வச்சுக்கிட்டுப் போயிடும். நீங்க அதப் போயி எரக்கப்பட்டு எடுத்து நீட்டுறீங்க.

தோக்கணும்னுதான் சார் இவ்ளோ நேரம் பேசுனேன். இப்படிக் கத்துனா எந்த மேனேஜருக்கும் கோவம் வரும், ரூலுன்னா ரூலுதான், வெளிய போம்மான்னு சொல்லுவாருன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா ஒவ்வொண்ணாக் கேட்டு மனசு மாறிக்கிட்டே வர்றீங்க. தோக்கறதுக்காகப் பேசி எனக்குப் பழக்கமில்ல, அதான் எங்கயோ நல்லாப் பேசித் தொலச்சுட்டேன். நான் உக்காராம நிக்கறதும் அதுக்குத்தான். அம்மா அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கு. மக நமக்காக சண்ட போடுதுன்னு அதுக்குத் தெரியணும். இப்பகூட கைய ஆட்டிக்கிட்டேதான் பேசுறேன் பாருங்க. நீங்களும் கொஞ்சம் மொறச்சாப்ல இருங்க.

எதுக்குன்னா, அண்ணன் குடிய விட்டுடுச்சு சார். அதான் நேத்திக்கடன். பொங்கல் வந்தா ஒரு வருஷம். எம்புள்ளையப் புடிச்சது பீரு, அந்தப் பீர நீ எடுத்துக்க, எம்புள்ளைய விட்டுடுன்னு அம்மா மதகுல விழுந்து நேந்துக்கிச்சு. அண்ணனும் விட்டுடுச்சு. முனியாலயா, கூட வேல பாக்கறவங்க கூட்டிட்டுப் போற, குடிய விட்டவங்க கூடுற மீட்டிங்காலயான்னு நான் கேக்கல. என் வாழ்க்கையில நான் வாதம் பண்ணாத விஷயம் அது ஒண்ணுதான்.

போன லீவுல வந்தப்ப, புதுசா நட்ட வயலுக்குள்ள பைக்க வுட்டு, நாத்து மேலயே படுத்துத் தூங்குன ஆளு அது. அப்பா எழுப்பல, திட்டல. மடைய மட்டும் வேற வயலுக்கு மாத்தி விட்டுட்டு வந்துட்டாரு, புள்ள தண்ணியில முங்கிடக்கூடாதுன்னு. இப்ப அது போன்ல எங்கிட்ட தனியா பேசுச்சு. ஒரு மடக்குன்னு ஒண்ணு எனக்குக் கெடையாது பாரதி, அந்த வாசம் போதும், திரும்பப் போயிடுவேன்னுச்சு. வேணாம்னு அம்மாகிட்ட நீயே சொல்லுண்ணேன்னேன். அம்மா கடலத் தாண்டிக் கொண்டு வந்து தன் கையால நீட்டுனா நான் எப்படி வேணாம்பேன்னு கேட்டுச்சு. அழுவல, சாதாரணமாத்தான் கேட்டுச்சு.

கீழ போட்டு ஒடச்சுடலாம்னா? யோசிக்காம இருப்பேனா. ஒடஞ்சா அபசகுனம். அப்படியே ஊருக்குத் திரும்பி, மறுபடி படையல் போட்டு, மறுபடி ஒரு பாட்டிலோட உங்க முன்னாடி வந்து நிக்கும். சர்க்காரு தடுத்தாத்தான் உண்டு.

பொய் சொல்லச் சொல்றனா? இது எப்படி சார் பொய்யாகும்? சீல் ஒடஞ்ச பாட்டில ஏத்த முடியாதுன்னு நீங்கதான மொதல்ல சொன்னீங்க. அதோட வாய மூடிக்கிட்டாப் போதும். மீதியச் சொல்லாம விடறதெல்லாம் பொய்யின்னா இந்தக் கட்டடத்துல ஒரு மைக்குல கூட அறிவிப்பு வராது. முனிகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன், ஊருக்குப் போனதும் மொத வேலையா மதகுல போயி நிக்கிறேன். யோசிங்க, ஆனா சீக்கிரமா. அம்மா எழுந்துடுச்சு. வருது.

வாம்மா, பாத்து வா, தரை வழுக்குது. நான் பேசாதது ஒண்ணும் பாக்கியில்ல, சட்டமெல்லாம் எடுத்துச் சொல்லிட்டேன். இவருதான் பெரிய ஆபீசரு. திருப்பனந்தாளாம், நம்ம முனியெல்லாம் தெரியுமாம். சார், நீங்களே எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க.

என்ன சார்? யாரு, பைலட்டா?

கேட்டுச்சாம்மா? சார் மெதுவாப் பேசுறாரு, நான் சொல்றேன். ஃபிளைட்ட ஓட்டுறவரு குடிய விட்டு இன்னும் வருஷம் முழுசா ஆகலயாம். அந்த வாசம் ஒண்ணு போதுமாம் அவருக்கு. அதனால இந்தப் பாட்டில அவரு இருக்கற வண்டியில ஏத்தக்கூடாதாம்மா.