விடுபட்ட இரண்டாம் விதி

பெயர்: நிர்மலாதேவி த/பெ வீரப்பன். வயது இருபத்தேழு. இருப்பிடம்: பாயா ரும்புட், மலாக்கா. வேலை: குருபோங்கில் உள்ள ரப்பர் பாய் தொழிற்சாலையில் கணினி நிரலாளர். 1999 அக்டோபர் 22ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, கான்ஸ்டபிள் சாமிக்கண்ணு எழுதிக்கொண்டது.

ரப்பர் அரைக்கும் உருளை இயந்திரத்துக்கு இந்த ஆண்டுதான் கணினிக் கட்டுப்பாடு வைத்தார்கள். உருளை எப்போது சுழலலாம், எப்போது கூடாது என்ற விதிகளை மாதிரி வரைபடத்தில் எழுதியது நான்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. உருளையைச் சுற்றி நான்கு பாதுகாப்புக் கதவுகள், கதவுக்கு ஒரு சென்சார். இணைந்திருக்கும் ஒவ்வொரு சென்சாரும் தன் கதவு மூடியிருப்பதாகச் சொன்னால்தான் உருளை சுழலலாம் என்பது முதல் விதி. ஆனால் சென்சார்களை எல்லாம் கழற்றிவிட்டால், கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒன்றுகூட மிஞ்சாது. கணினி எல்லாம் சரி என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் நான்கு சென்சார்களும் இணைந்திருக்க வேண்டும் என்று இரண்டாம் விதியும் எழுதினேன்.

வரைபடம் போடும் மென்பொருள் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அதே வரைபடத்தை நிரலாக மாற்றும் இன்னொரு மென்பொருளில் கொடுத்தபோது, இரண்டாம் விதி அதற்குப் புரியாமல், அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை மாற்றிக் கொடுத்தது. வேலையை நிறுத்தவில்லை, இருநூற்றுச் சொச்சம் எச்சரிக்கைகளுக்கு நடுவே ஓர் எச்சரிக்கையாகப் போட்டிருந்தது. நிரலைத் தாளில் அச்சடித்து வரிவரியாகப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதன் பிறகு மேலாளர் குகனிடம் போய், இதை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது, அந்த விதியைக் கையால் எழுதிச் சேர்க்க மூன்று நாள் வேண்டும் என்றேன். "வார்னிங்தானே லா, எரர் இல்லையே. சும்மா பயப்படாதே" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கடிதமாகவே எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் 6ஆம் தேதி அவர் அதில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நகல் இத்துடன் உள்ளது. மறுவாரம் நான் விடுப்பில் இருந்தபோது அதே நிரலை ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்து தெரிந்ததும், இயந்திரத்தை ஓட்டும் காளியம்மாவிடம் நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது என் தப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இந்த அக்டோபர் 18ஆம் தேதி ஆயுத பூசை. ஆண்டுதோறும் சென்சார்களைக் கழற்றிவைத்து, இயந்திரத்தைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சூடம் காட்டியதும் நல்ல நேரத்தில் மேலாளர் பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துவார். பழைய கட்டுப்பாட்டில் சென்சார் இல்லாவிட்டால் விளக்கு மட்டும்தான் எரியும், உருளை அசையாது. இந்த ஆண்டும் அதே நினைப்பில் குகன் அழுத்தினார். உருளை சுழன்றது. கடைசிப் பொட்டு வைக்கக் கதவுக்குள் கை நீட்டியிருந்த காளியம்மா, "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அவர் கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தானையைக் கையில் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் குகன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். காளியம்மா அனுமதியில்லாமல் சென்சார்களைக் கழற்றினார் என்று அதில் இருந்தது. கழற்ற ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தவரே குகன்தான். நான் கையெழுத்துப் போட்டால் காளியம்மாவுக்கு இழப்பீடும் கிடையாது, வேலையும் கிடையாது. "போடலன்னா எல்லாம் ஒன் மேலதான் வரும். விதி எழுதுனவ நீதானே?" என்றார். "வரட்டும் சார். நான் எழுதுனதை நான் காட்டுறேன், நீங்க எழுதுனதையும் காட்டுறேன். அக்கா மேல பழி போட என்னால முடியாது" என்று தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, குகன் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்ட வரி அதில் இல்லை. கேட்டதற்குக் கான்ஸ்டபிள், "அதான் நகல் இருக்கே தங்கச்சி. ஒரு வரிதானே?" என்றார். "அங்கேயும் ஒரு வரிதான் அண்ணே விட்டுப்போச்சு" என்றேன். அதன் பிறகு அவர் அந்த வரியைச் சேர்த்தார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது எல்லா வரிகளும் இருக்கின்றன. எல்லாம் நான் சொன்னவை, உண்மையானவை. யாருக்கும் பயந்து சொன்னவை அல்ல.

(கையொப்பம்)
வீ. நிர்மலாதேவி