மூத்தவளைக் கேட்டவர்

எனக்கு இலக்கணம் பிடிக்கும். வீட்டில் மற்றவர்கள் டிவி பார்க்கும்போது நான் ஸ்பானிஷ் பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த மொழியில் ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிட்டு 'வயதில் கூடிய' என்று சொல்ல 'மயோர்', 'குறைந்த' என்று சொல்ல 'மெனோர்'. முன்னால் ஒரு 'லா' போட்டால் போதும், பெண் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், ஒப்பீடே ஆளாகிவிடும். லா மயோர், மூத்தவள். லா மெனோர், இளையவள். எங்கள் வீட்டில் அக்காவும் நானும்.

அப்பாவின் கப்பல் பட்டறைக்கு ஓர் என்ஜினியர் வந்தார். ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. மொழிபெயர்க்க நான் போனேன். பிறகு அவர் வீட்டுக்கே சாப்பிட வரத் தொடங்கினார். பேச வழியில்லாமல் அவரும் அக்காவும் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. மனுஷர் எவ்வளவு தண்ணீர்தான் குடிப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். அக்காவை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். 'லா மயோர்' என்று முடிந்தது.

"என்னம்மா கேக்கிறார்?"

"சின்னவளைக் கட்டிக் குடுப்பீங்களான்னு கேக்கிறார்பா."

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டேன். அந்த வெட்கம் நிஜமானது.

"பெரியவ இருக்கும்போது சின்னவளையா?" என்றார் அப்பா. அதை நான், பெரியவளுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்று என்று சுருக்கி அவரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே. அவர் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேசிப் பேசி மனம் தேறினார்.

அக்கா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பார்த்து மயோர்னாரே, அப்படின்னா என்னடி?"

"வயசானவங்களை அப்படிச் சொல்வாங்கக்கா. மரியாதையாத்தான்."

இதில் பொய்யே கிடையாது. அகராதியில் அந்த அர்த்தமும் இருக்கிறது. அதன் பிறகு அவர் வரும் நாட்களில் அக்கா அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டாள். "அவளுக்கே முதல்ல முடிச்சிடுங்கப்பா" என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

அக்காவுக்குப் பேசிய இடம் தட்டிப்போய்விட்டதாக, கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

கல்யாணத்தன்று அக்கா சுவரோரம் நின்று அழுததை அவர் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டார். சந்தோஷத்தில் என்றேன். என்மேல் உயிரையே வைத்திருப்பவள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?