குழிவாயை மூடியது குறித்து கோல்மன் லினேன் சொன்னது

என் பெயர் கோல்மன் லினேன், வயது 58, தகப்பனார் பெயர் மார்ட்டின் லினேன். அயர்லாந்து, கிளேர் மாவட்டம், பர்ரன் பகுதி, கில்கார்ன் சிற்றூரில் குடியிருக்கிறேன். மாடு வளர்ப்பது தொழில். குழியிலிருந்து மீட்கப்பட்ட இடா ஹெகர், வயது 54, என் உடன்பிறந்த தங்கை. அவள் கணவர் பெயர் ஃபிண்டன் ஹெகர். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கோடையில் மாடுகளைக் கீழே வைத்திருந்து, குளிர் தொடங்கும்போதுதான் மலைக்கு ஏற்றுவோம். சுண்ணாம்புப் பாறையில் சூடு தங்குவதால் புல் அங்கே பனியில் கருகாது. ஏற்றுவதற்கு முந்தின நாள், மாட்டின் கால் இறங்கக்கூடிய குழிகளைப் பலகைக்கல் போட்டு மூடுவது வழக்கம். என் மலையில் அப்படி ஏழு இடம் உண்டு. ஏழாவது, பழங்காலக் கல்லறையான கல்திட்டைக்குப் பின்னால் இருக்கும் குகை வாய். இடுப்பளவு இறங்கி, அதன் பிறகு படுத்து ஊர்ந்து போக வேண்டும். இடா சிறு வயதிலிருந்தே இந்தக் குகைகளுக்குள் போய் வருகிறவள். போகும்போது வாய் அருகே மூன்று கற்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் போவாள், வெளியே வந்ததும் சாய்த்துவிடுவாள். ஆள் உள்ளே இருப்பதற்கு எங்கள் இருவருக்குள் அதுதான் அடையாளம்.

சென்ற ஆண்டு நவம்பரில், கல்திட்டையை ஒட்டி நான் தீவனத் தொட்டி வைத்திருப்பதாக இடா தொல்லியல் துறைக்கு எழுதிப்போட்டாள். அதிகாரிகள் வந்து எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே எடுத்திருப்பேன். அன்றிலிருந்து பதினோரு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தேவாலயத்தில் அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். தபால் நிலையத்து பிரீடி ஒருமுறை, "செத்தாலாச்சும் பக்கத்துல பக்கத்துல படுப்பீங்களா, இல்ல அங்கயும் இந்தப் பக்கம் அந்தப் பக்கமா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன், ஆனால் இறங்கி வரவில்லை.

அக்டோபர் 29 காலை கடப்பாரையுடன் மலைக்குப் போய் ஆறு குழிகளை மூடினேன். அதன் பிறகு கல்திட்டைக்குப் போனேன். கோடையில் வந்த சுற்றுலாக்காரர்கள் கிடந்த கற்களையெல்லாம் அடுக்கி, குட்டிக் குட்டித் திட்டைகளாகக் கட்டிவைத்திருந்தார்கள். எண்ணினேன், முப்பத்தொன்று. ஐயாயிரம் வருஷத்துக் கல்லறை கண்ணெதிரே நிற்கும்போது இவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். எல்லாவற்றையும் காலால் தட்டிக்கொண்டே போய், அதன் பிறகு இரண்டு பலகைக்கல்லை நெம்பித் தள்ளிக் குழிவாயை மூடினேன். அப்போது மணி பதினொன்றே கால். பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

மூன்றரை மணிக்கு ஃபிண்டன் வந்து, நனைந்தபடி வாசலிலேயே நின்றார். "மச்சான், இடா இன்னும் சாப்பிட வரல. காலைல கல்திட்டைக் குழிக்குப் போனா. நீங்க இன்னிக்கு மலைக்குப் போனீங்களா?" என்று கேட்டார். நான் கடப்பாரையை எடுத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

நாலரைக்குக் கற்களை நகர்த்தினோம். மழைத் தண்ணீர் குகைக்குள்ளிருந்து ஏறிக் குழியை நிரப்பிக்கொண்டிருந்தது. இடா நெஞ்சளவு தண்ணீரில் குந்தியபடி, முதுகால் கல்லை முட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று நகங்கள் இல்லை. என்னை அண்ணாந்து பார்த்து, "வந்துட்டியாண்ணே" என்றாள். பதினோரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மருத்துவமனையில் காவல்துறை அதிகாரியான தங்களிடம் இடா, கல் நிறுத்தத் தான் மறந்துவிட்டதாகவும் தவறு தன்னுடையது என்றும் சொன்னதாக அறிகிறேன். அது பொய். அவள் கல் நிறுத்தியிருந்தாள். முப்பத்தொன்றையும் தட்டி முடித்த பிறகு, குழி ஓரத்தில் அந்த மூன்றும் நின்றன. சுற்றுலாக்காரர்கள் கட்டுவதற்கு மேலே ஒரு மூடுகல் இருக்கும். இதற்கு இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து சாய்க்க மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் தட்டினேன். நாற்பது வருஷத்தில் அவள் ஒருமுறைகூட மறந்ததில்லை.

அவளுக்குக் கெடுதல் செய்ய நான் நினைக்கவில்லை. சந்தேகப்பட்டு முழங்காலிட்டுக் குழிக்குள் குனிந்தேன். "இடா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நானாக முதலில் பேசியதாக ஆகிவிடுமே என்ற வீம்பில் எழுந்துவிட்டேன். அந்த வீம்பை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதை எழுதி எனக்குப் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் 'கவனிக்கத் தவறினேன்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'கண்டும் கூப்பிடவில்லை' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) கோல்மன் லினேன்