தோட்டத்தில் கறுப்புத் தளம்

தளம் போட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள்: அக்கா, அத்தான், அத்தானுடைய அலுவலக நண்பர்கள் சிலர், சாமான்களை எடுத்துப்போக வந்த மேஸ்திரி, அப்பா, நான்.

சம்பவத்தன்று இருந்தவர்கள்: அப்பா, நான்.

முதலில் இதைத்தான் கேட்டீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு இந்த நேரத்தில் கண் சொருகும். நடுவில் கொட்டாவி விட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் போய்ப் பல வருடம் ஆகிறது. சர்க்கரை வியாதி. வீட்டுக்குள் எதிலாவது முட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் பின்னால் இருந்த தோட்டம் அவரே போட்டது. அங்கே மட்டும் யார் கையும் வேண்டாம். கதவைத் தாண்டினால் ஒரு படி. படி இறங்கினால் காலுக்கடியில் செங்கல் பாதை. இடது பக்கம் ஒழுகும் குழாய், அதன் சத்தம். அதைத் தாண்டினால் எலுமிச்சை வாசனை, மரத்தடியில் நாற்காலி. கண் தெரிகிற நானே அந்தப் பாதையில் இடறி விழுந்திருக்கிறேன். அவர் விழுந்ததே கிடையாது.

அந்த நாற்காலியைச் சுற்றி அவர் துப்பி வைத்ததை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நத்தை ஊர்ந்த மாதிரி மண் மினுமினுக்கும். குதிகால் தோலை உரித்து உரித்துப் பூந்தொட்டியில் போடுவார். கழுவ வேண்டியது நான். அக்காவும் அத்தானும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். "நீதான் வீட்லயே இருக்கியே, கொஞ்சம் பாத்துக்கடா" என்பாள் அக்கா. வீட்டில் இருப்பதும் வீட்டில் தூங்குவதும் அவளுக்கு ஒன்றுதான்.

என் ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அப்பா தொண்டையைச் செருமுவார். முதலில் அடியிலிருந்து ஒரு இழுப்பு. பிறகு ஒரு இடைவெளி. பிறகு துப்பல். அந்த இடைவெளிதான் தாங்க முடியாது. துப்பப் போகிறாரா, விழுங்கிவிட்டாரா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடப்பேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் அது மண்டைக்குள் கேட்கும்.

எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அருவருப்பு மட்டும்தான்.

தளம் போடும் யோசனை அத்தானுடையது. போனில் ஏதோ வெளிநாட்டு வீட்டின் கல் பாவிய முற்றப் படத்தைக் காட்டினார். "இந்த மாதிரி ஒரு பேட்டியோ போட்ருவோம் மச்சான். கட்டடப் படிப்பு பாதி படிச்சிருக்கியே, பாதி பேட்டியோவாவது வரைஞ்சு குடு."

முழுதாகவே வரைந்து கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது. படி இல்லை, வீட்டுத் தரையும் வெளித்தரையும் ஒரே மட்டம். முழுக்க வழவழப்பான கறுப்புக் கல். சுற்றுச்சுவரை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றி, வீட்டுச் சுவரைப் போலவே பூசி, ஒரே வெள்ளை. கதவும் சுவரோடு சுவராக வெள்ளை. வெளிப்பக்கம் கைப்பிடி வைத்தால் அழகு கெடும் என்று அதையும் எடுத்துவிட்டேன். மரம், குழாய், பாதை எதுவும் இல்லை.

அத்தான் வெளிர் நிறக் கல் கேட்டார். கறுப்பில்தான் அழுக்கு தெரியாது என்றேன்.

அக்கா மட்டும் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பாவுக்கு வழி தெரியணுமேடா?"

"எல்லாம் ஒரே மட்டம்க்கா. இடறுறதுக்கு ஒண்ணுமே இருக்காது. கண்ண மூடிக்கிட்டு நடக்கலாம்."

"அவரு எப்பவுமே அப்படித்தானே நடக்கறாரு" என்றார் அத்தான். அக்கா அவரை முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓரமா ஒரு கம்பியாவது போடேன், பிடிச்சுக்க."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

விருந்தாளிகளை ஆஸ்பத்திரியில் உட்கார வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தினாள். அவர் காலால் துழாவினார். "அடியே, எலுமிச்சை எங்க?"

"பூச்சி விழுந்துருச்சுப்பா."

"நான் இப்ப எங்க நிக்கறேன்?"

படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அப்பா தள்ளி, சரியாகப் படத்துக்கு நடுவில் போய் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வாயில் கோழை வந்துவிட்டது, எங்கே துப்புவதென்று தெரியவில்லை. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு விழுங்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல வருடத்தில் முதல்முறையாக நிம்மதி வந்தது.

அக்காவுக்கு அறிவு கம்மி என்று நினைத்திருந்தேன். அது என் தப்பு. அடுத்த வாரமே கதவை ஒட்டி உள்பக்கமாக ஒரு ரேடியோவை வைத்தாள். "இந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டு வந்துருங்கப்பா." அவரும் பிடித்துக்கொண்டார். செருப்பு மாட்டிக்கொண்டு போவார், நாற்காலி இருக்கும் இடத்தில் உட்காருவார், ரேடியோவைக் குறிவைத்துத் திரும்புவார். மறுபடி செருமல், இடைவெளி, துப்பல். இப்போது கூடவே ரேடியோவும். கறுப்பில் அழுக்கு தெரியாது என்று நான் சொன்னது சரிதான். கோழை தெரிந்தது. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

சம்பவத்தன்று அத்தானின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது நல்ல தாகம். மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன். அடியில் ஏதோ பல்லில் இடித்தது. அப்பாவின் பல் செட்.

சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னடா ஆந்தை, என் பல்லக் குடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு வெறும் ஈறைக் காட்டிச் சிரித்தார். ராத்திரி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் ஆந்தை. வாயை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப்பா, வெளிய காத்தாட உக்காரலாம்" என்றேன்.

"செருப்பு எங்கடா?"

"உள்ள இருக்கற மாதிரிதானப்பா தரை. செருப்பு எதுக்கு?"

கல் அப்போது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. நீங்கள் தொட்டுப் பார்த்தது மத்தியானம். அந்தக் கணக்கு வேறு.

நான் படுத்தேன். எப்போதோ விழிப்பு வந்தது. தட்டுகிற சத்தம். சுவரைத் தட்டினால் ஒரு மாதிரி கேட்கும், கதவைத் தட்டினால் ஒரு மாதிரி. படிப்பில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அவர் தட்டியது சுற்றுச்சுவரை. கொஞ்சம் தள்ளித் தட்டினார், இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார். நடுவில் கால் மாற்றி மாற்றி வைக்கிற சத்தம். பக்கத்து வீட்டம்மா இன்னும் பூச்சு வேலை நடக்கிறதென்று நினைத்தாராம். கதவைத் தட்டியிருந்தால் எழுந்து திறந்திருப்பேன். எந்த மகனும் திறப்பான். கடைசிவரை அவர் கதவுக்கு வரவே இல்லை.

கூப்பிட்டது கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆந்தை, ஆந்தை என்றுதான் கூப்பிட்டார். நான் பிறந்தபோது அவரே வைத்த பெயர் ஒன்று எனக்கு இருக்கிறது. அதைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அவர் உள்ளங்கால் பற்றி டாக்டர் போஸ்ட்மார்ட்டத்தில் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். அதைப் படித்திருக்க வேண்டாம். விரல் முட்டிகளில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது என்றீர்கள். மேஸ்திரி இன்னொரு பூச்சு அடித்திருந்தால் ஒட்டியிருக்காது.

கடைசியாக, அவர் வழி தவறியது எப்படி என்று கேட்டீர்கள். நாற்காலியை நான் முன்பே உள்ளே எடுத்து வைத்திருந்தேன். அவரை நடுவில் நிறுத்தினேன். வெயிலுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நாற்காலி எங்கடா?"

"கொண்டு வரேன்ப்பா."

"ரேடியோ ஓடுதுல்ல?"

"ஓடுது. கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது. அப்ப சரி. நாற்காலியப் போட்டுட்டு நீ போய்ப் படு. ராத்திரி பூரா முழிச்சவன்."

நான் உள்ளே வந்தேன். சட்டென்று நிறுத்தினால் மனிதர் பதறிவிடுவார் என்று, ரேடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அவருக்காக அந்த அளவுக்கு யோசிக்கிறவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்தி, பூட்டினேன்.