பியூக்கில் ஒரு கீறலும் இல்லை

கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் அதை நாள்தோறும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், ஐயா. உங்கள் பொலிஸ் ஜீப்பை வரும்போது பார்த்தேன். கதவின் அடிப்பக்கத்தில் துரு ஏறத் தொடங்கியிருக்கிறது. உப்புக் காற்று செய்கிற வேலை உடனே கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது தகரம் பொரிந்து கையோடு வந்துவிடும். யாரிடமாவது சொல்லிக் கவனிக்கச் செய்யுங்கள்.

ஆறுதலாக, அவசரப்படாமல் சொல்லச் சொன்னீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் இரத்தினசிங்கம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுக்கிற ஒப்பந்தக்காரன். வீடு உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை. பெரிய அமெரிக்கக் கார்கள்மேல் மட்டும் ஆசை. அதைக் கெட்ட பழக்கம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சின்ன வயதில் ஒரு நாள் கப்பலிலிருந்து ஒரு ஹட்சன் காரைக் கயிற்றில் கட்டி இறக்குவதைப் பார்த்தேன். கறுப்பு நிறம். தண்ணீருக்கு மேலே அது ஆடிக்கொண்டு நின்றபோது நான் கண்ணை எடுக்கவில்லை. விழுந்துவிடுமோ என்று பயம். கீழே நின்ற கூலிக்காரர்களைப் பற்றிய பயம் இல்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டில் பழைய செவர்லே ஒன்றை வாங்கினேன். அதை விற்று ஒரு டொட்ஜ். டொட்ஜ் என்னிடம் இருந்தபோதுதான் என் மனைவி கமலேஸ்வரி பிள்ளைப்பேற்றுக்கு இறக்கக்கண்டியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நோவு தொடங்கிவிட்டது, காரோடு வரச் சொல்கிறார்கள் என்று ஆள் வந்தது. மாரிகாலம். நிலாவெளிக்கு அப்பால் கடலோரக் களப்புத் தண்ணீர் வீதியை மூடி நின்றது. முழங்காலளவுதான். லொறிகள் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அது உப்புத் தண்ணீர், ஐயா. அடிப்பாகத்துக்குள் போனால் பிறகு எத்தனை முறை கழுவினாலும் சரிவராது. வற்றும்வரை கரையில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் அவளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கமலேஸ்வரி அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகப் பழகிக்கொண்டாள்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனார்கள். அப்போது ஒரு பெரிய அதிகாரி தன் பியூக் காரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். வெளிர் பச்சை. முகப்பில் பற்கள் வைத்ததுபோல வெள்ளிக் கம்பிகள். ஒற்றை வரிசையில் எட்டு சிலிண்டர். நகர வீதியில் அதை ஓட்டிப் போனால் கடைக்காரர்கள் எழும்பி நின்று பார்ப்பார்கள். அதைப் போல ஒன்று எனக்கு இனிக் கிடைக்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அரசாங்கம் கார் இறக்குமதியை நிறுத்தியபோது அது உறுதியாயிற்று. ஒரு மட்காட் நசுங்கினாலும் மாற்ற வேறு இல்லை.

அதனால்தான் காரை வைக்க அந்தக் கராஜைக் கட்டினேன். என் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. கராஜுக்குக் கொங்கிறீட். துறைமுக டொக்யார்ட்டில் கழித்த தண்டவாளத் துண்டுகளை உத்தரமாகப் போட்டேன். தரையை இடுப்பளவு உயர்த்தி, கார் ஏறச் சாய்வு வைத்தேன். இரும்புக் கதவு, தண்ணீர் கசியாமல் விளிம்பெல்லாம் ரப்பர் வைத்தது. உள்ளே கதவைத் தாழிடக் குறுக்குச் சட்டம்.

பக்கத்து வளவு முத்தலிப்புடையது. வள்ளம் வைத்து மீன்பிடித்தவர். அவருடைய மனைவி றஹ்மா. இரண்டு பெண்பிள்ளைகள். தண்டவாளங்களை என்னோடு தோள் கொடுத்துத் தூக்கியவர் அவர். கூலி வாங்கவில்லை. வேலை முடிந்த அன்று கதவைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்.

"சிங்கம் அண்ணன், இது கராஜில்ல, கோட்டை. மழை காத்து மோசமாகிச்செண்டா புள்ளையளக் கூட்டிக்கிட்டு நாங்களும் இதுக்குள்ள வந்திருவம்."

"ஓம், வாங்கோவன். உங்கட கைபட்டுக் கட்டினதுதானே," என்றேன்.

சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

கடந்த மார்கழியில் வந்த புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று மத்தியானமே கடல் வழமையான கடலாக இல்லை. நிறம் மாறி, இரைச்சல் நிலத்துக்குள்ளால் வருவதுபோல இருந்தது. கடற்கரைச் சனங்கள் மூட்டைகளோடு நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கமலேஸ்வரி என்னிடம் வந்து, காரில் முத்தலிப் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு நாங்களும் போவோம் என்றாள். வீதியோரம் முழுக்க மரங்கள், ஒரு கொப்பு முறிந்து கூரையில் விழுந்தாலும் போச்சு என்றேன். முத்தலிப்பும் வேலியடியில் வந்து கேட்டார். எல்லோரும் போகிறார்கள், நாங்களும் நடந்து போய்விடட்டுமா என்று. கராஜ் இருக்கும்போது சின்னப் பிள்ளைகளை ஏன் மழையில் நடத்துகிறீர்கள் என்று நான்தான் மறித்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான்தான் மறித்தேன்.

பொழுதுபடும் நேரம் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கின. நானும் கமலேஸ்வரியும் கராஜுக்குள் போனோம். அரிக்கன் விளக்கைக் கொளுத்திக் காரின் பக்கத்தில் நின்றோம். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே கோயில் மாதிரி இருந்தது. பச்சைப் பெயின்ரில் விளக்கு வெளிச்சம் விழுந்து கிடந்தது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நான் போய் முத்தலிப் வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். கதவைப் பூட்டிப்போடாதையுங்கோ."

"கெதியா வா," என்றேன்.

அவள் போனதும் கதவு காற்றில் அடித்தது. மணல் உள்ளே சீறி வந்து காரின் பக்கத்தில் விழுந்தது. பெயின்ரில் மணல் படுகிற சத்தம் உங்களுக்குத் தெரிந்திராது. கதவைச் சாத்தினேன். காற்றுத் திரும்பத் திறந்துவிடும் என்பதால் சட்டத்தையும் போட்டேன். பிறகு என் தோளிலிருந்த துவாயால் மணலைத் தட்டினேன். துடைக்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு கடல் ஏறியது.

முன்னர் உங்களிடம் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். கதவுக்கு வெளியே மணல் அடைத்துத் திறக்க முடியவில்லை என்றேன். மயங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். இரண்டும் பொய். சட்டம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் நல்ல நினைவோடு இருந்தேன். தட்டுவதும் கேட்டது.

திறக்கவில்லை. காரணத்தை நீங்கள் நிதானமாகக் கேட்டால் விளங்கிக்கொள்வீர்கள். வெளியே தண்ணீர் நின்றது. கதவைத் திறந்தால் அது உள்ளே வரும். காற்று கதவைப் பிடுங்கி மட்காட்டில் அடிக்கும். அதோடு அந்த இடத்தில் காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நிற்கலாம். முத்தலிப், றஹ்மா, இரண்டு பிள்ளைகள், கமலேஸ்வரி. ஈர உடுப்போடு, பயத்தோடு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பொனட்டில் ஏறுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் ஏறுவார்கள்தான். அவ்வளவு பேருக்கு அங்கே இடம் இல்லை. அதைத்தான் நான் அப்போது யோசித்தேன். கமலேஸ்வரி ஒருத்தி மட்டும் என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் திறந்திருப்பேன்.

தட்டுவது கொஞ்ச நேரத்தில் நின்றது. அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்து தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். என் வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. முத்தலிப்பின் வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். கமலேஸ்வரியை வேலிக் கம்பியில் கண்டெடுத்தோம். முத்தலிப்பையும் மூத்த பிள்ளையையும் பின்னேரந்தான் தேடி எடுத்தார்கள். சின்னவள் கிடைக்கவே இல்லை. புளியமரக் கொப்பில் றஹ்மா உயிரோடு இருந்தாள். என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. என் பின்னால் திறந்து கிடந்த கராஜைப் பார்த்தாள். கார் ஈரம்கூடப் படாமல் நின்றது.

இன்று அவளுடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவள் சொன்னதைக் கேட்கும்வரை நான் சொன்னதை நானே நம்பிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தானும் முத்தலிப்பும் பிள்ளைகளும் கராஜுக்கு வரவே இல்லை என்கிறாள். கமலேஸ்வரி அவர்களை அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவடியில் நிறுத்திவிட்டு வந்தாளாம். பிள்ளைகளோடு வெள்ளத்தில் வந்து நிற்கவேண்டாம், முதலில் நான் போய்க் கதவைத் திறப்பிக்கிறேன், குரல் கொடுத்ததும் ஓடி வாருங்கள் என்று. முத்தலிப் இரண்டு பிள்ளைகளையும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் குரலுக்காகக் காத்து நின்றாராம். தண்ணீர் நெஞ்சுக்கு வந்த பிறகும், கமலேஸ்வரி இப்போது கூப்பிடுவாள் என்று சொல்லிக்கொண்டு நின்றாராம்.

றஹ்மா சொல்வது சரி, ஐயா. கதவில் கேட்டது ஒரே ஒரு கைதான். ஐந்து பேர் நின்றார்கள் என்று நான் பிறகு சேர்த்துக்கொண்டேன். என்னோடு பதினேழு வருசம் இருந்தவள், எதைச் சொன்னால் திறப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் போடாமல், கதவோடு வாயை வைத்துத்தான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் மட்டுந்தான் நிக்கிறன். காலைக் கழுவிப்போட்டுத்தான் வருவன். கொஞ்சமாத் திறந்தாப் போதும்."

நான் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, றேடியோவைப் போட்டேன்.