ஆளில்லாத வீட்டின் நடமாட்டம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! கேள்வி கேட்டுக் கேட்டே எங்களைக் குடைந்து, குடைந்ததாலேயே எங்களுக்குத் தொழில் கற்றுத் தந்த பேராசிரியப் பெருமக்களே! "வேலைக்குப் போகல, கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்ன நாள்முதல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, அதை வெளியே காட்டாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! இந்தப் பல்கலைக்கழகத்தின் தொழில் முடுக்க மையத்தில் இன்று நுழையும் பதினோரு குழுக்களின் இளம் தொழில்முனைவோரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வெற்றிக்கதை சொல்ல வாருங்கள் என்று என்னை அழைத்தார்கள். அழைப்பிதழிலும் அப்படியே அச்சிட்டுவிட்டார்கள். அச்சை மாற்ற முடியாது; பேச்சை மாற்றலாம் அல்லவா? நான் சொல்லப்போவது ஒரு வீட்டைப் பற்றி. ஆள் இல்லாமல் நடமாடிய ஒரு வீட்டைப் பற்றி.

என்ன அக்கா, பேய்க்கதையா என்கிறீர்களா? பேயாக இருந்தால் பயந்து ஓடிவிட்டிருப்பேன். இது நாங்களே உட்கார்ந்து எழுதியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் உங்களைப் போல் இந்த மையத்துக்குள் நுழைந்தேன். மூன்றாம் மாடி, பழைய வேதியியல் ஆய்வுக்கூடம். மேஜைக்கு மேஜை கைகழுவும் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கணினி. இடம் தந்தார்கள், இணையம் தந்தார்கள், ஆலோசனையோ அளவில்லாமல் தந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் முதலீட்டாளர்கள் முன்னால் மேடையேற்றுவோம் என்றார்கள். என்னோடு கூட்டாளியாக வந்தவன் என் சித்தி மகன். வாய்க்குள்ளேயே பேசுவான் என்பதால் அவனுக்கு முணுமுணுப்பு என்று பெயர்.

எங்கள் பொருளின் பெயர் 'நலம்'. தனியாக வாழும் பெரியவர்களின் வீட்டில், கதவில், குழாயில், ஜன்னலில், மாத்திரை இழுப்பறையில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவியை ஒட்டுவோம். அது அசைந்தால் தொலைவில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி போகும். 'அம்மா எழுந்தார்.' 'அம்மா குழாயைத் திறந்தார்.' அவ்வளவுதான்!

எங்கள் முதல் வாடிக்கையாளர், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மையார். டெலிபோன் அம்மா என்றுதான் அழைப்போம். கருவிகளை எடுத்துக்கொண்டு போன முதல் நாளே மிரட்டினார். "முப்பது வருஷம் ஊர்ப் பேச்சையெல்லாம் இணைச்சு விட்டவ நான். என் வீட்டுல எவனும் ஒட்டுக் கேக்கக் கூடாது. கேமரா கீமரா வெச்சீங்க, துண்டைப் போட்டு மூடிடுவேன்!" பிறகு அவரே தணிந்து சொன்னார். "என் பொண்ணு இருக்கிற நாட்டுல, நான் எந்திரிக்கிற நேரம் அவ படுக்கிற நேரம். அம்மா எந்திரிச்சுட்டான்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவா. அதுக்காகத்தான் ஒத்துக்கிறேன்."

இப்போது நாங்கள் செய்த தவறுக்கு வருகிறேன்.

வாரந்தோறும் இங்கே ஒரு மதிப்பாய்வு நடக்கும். வீட்டின் அசைவுகளை மணிவாரியாகக் காட்டும் எங்கள் வரைபடத்தில் ஆங்காங்கே வெற்றிடம். இணையம் அறுந்தால் செய்தி வராது. வராத இடம் வெள்ளையாக நிற்கும். ஆலோசகர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "படத்துல இத்தனை ஓட்டை இருந்தா வர்ற முதலீடு அது வழியாவே ஒழுகிடும்மா." அன்று மதியமே நான் முணுமுணுப்பிடம் சொன்னேன். சொன்னது நான், அவனில்லை. "செய்தி வராத நேரத்துல, போன வாரம் அதே கிழமை, அதே நேரம் என்ன நடந்துச்சோ அதைப் போட்டு நிரப்பு. மேடை முடிஞ்சதும் எடுத்துடலாம்."

நிரலில் ஒரே ஒரு வரி. அவன் எழுதினான். ஓட்டை அடைபட்டது, படம் அழகானது, ஆலோசகர் முதுகில் தட்டினார்!

ஆனால் அன்பானவர்களே, செய்தி வராமல் போவதற்குக் கருவியின் பழுது மட்டும்தானா காரணம்? அசைவதற்கு ஆள் இல்லை என்றாலும் செய்தி வராதே! அந்த மனித மௌனத்தை எங்கள் கருவி பழுது என்று எண்ணுமே! இது எனக்குத் தோன்றவில்லையே! படித்த அறிவுக்குத் தோன்றவில்லை, பட்டம் வாங்கிய அறிவுக்குத் தோன்றவில்லை, பரிசு வாங்கத் துடித்த அறிவுக்குத் தோன்றவே இல்லை!

மேடையேறும் நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் புதன்கிழமை காலையில், டெலிபோன் அம்மாவின் கீழ்வீட்டுத் தையல்காரர் எனக்குப் போன் செய்தார். "ஏம்மா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து மேல காலடிச் சத்தமே கேக்கல. தையல் மிஷினை நிறுத்திட்டுக் கூடக் கேட்டுப் பாத்தேன்." நான் திரையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். "இப்பதான் அண்ணே குழாயைத் திறந்திருக்காங்க. நான் பாத்துட்டேதானே இருக்கேன்!" "அப்படியா? மிஷின் சொன்னாச் சரிதாம்மா" என்று வைத்துவிட்டார். ஒரு பொத்தானை நம்பி, ஒரு மனிதக் காது கேட்டதைப் பொய்யாக்கினேன்.

இந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் பின்பற்றப் போகிறீர்கள். மேடையேறும் குழு தன் முதல் வாடிக்கையாளரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். "வியாழக்கிழமை லைப்ரரிக்குப் போற நாள். உனக்காக அதை விட்டுட்டு வர்றேன்" என்று டெலிபோன் அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு எட்டு நிமிடம். பேசத் தொடங்கிவிட்டேன். என் பின்னால் பெரிய திரையில் அவர் வீட்டின் செய்திகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

மணி பத்து பத்து. 'அம்மா கதவைத் திறந்தார்.' அவையில் சிரிப்பு. "கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கைதட்டல். இரண்டு நிமிடம் கழிந்தது. மறுபடியும் 'அம்மா கதவைத் திறந்தார்.' எதையோ மறந்து திரும்பி வந்துவிட்டார் என்று மீண்டும் சிரித்தார்கள். அடுத்து 'இழுப்பறை திறந்தது.' உடனே இன்னொரு முறை, 'இழுப்பறை திறந்தது.'

பேச்சைப் பாதியில் நிறுத்தித் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஏன் தெரியுமா? போன வியாழக்கிழமை அதே நேரம் நான் அந்த வீட்டில் இருந்தேன். நூலகத்துக்குக் கிளம்பியவர் பாதிப் படியில் திரும்பி வந்தார். "கண்ணு, மாத்திரை இழுப்பறையில என் கண்ணாடி இருக்கும், எடுத்துக் குடு" என்றார். இழுப்பறை சிக்கிக்கொண்டது. முதல் இழுப்பில் பாதிதான் வந்தது, மறுபடி இழுத்தேன். இரண்டு முறை! அன்று இழுத்தது அவர் கை அல்ல, என் கை. இங்கே மேடையில் நின்ற என் கையில் ஒலிவாங்கி. அங்கே பூட்டிய வீட்டுக்குள் அதே கை இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தது!

மேடையோரம் பார்த்தேன். முணுமுணுப்பு வெளிறிப்போய் நின்றான். அன்றுதான் அவன் வாய் திறந்து தெளிவாகப் பேசிக் கேட்டேன். "அக்கா, அது போன வாரம்."

உடனே இறங்கி ஓடினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. என் நேரத்தில் நான்கு நிமிடம் மீதி இருந்தது. பேசினேன்! "எங்கள் கருவி ஒருபோதும் உறங்காது" என்று பேசினேன். அவை எழுந்து நின்று கைதட்டியது. வாங்கிக்கொண்ட பிறகுதான் முணுமுணுப்பையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

தலைவர் அவர்களே, நேரமாகிவிட்டது என்று சீட்டு வருகிறது. பொறுத்தருள வேண்டும். வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டேன், உள்ளே போகாமல் முடிக்க முடியாது.

தையல்காரரிடம் மாற்றுச் சாவி இருந்தது. திறந்தோம். குளியலறை வாசற்படியில் கிடந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, என்ன செய்வது, எங்கே நிற்பது என்று தெரியாமல் மூவரும் கூடத்தில் அசையாமல் நின்றோம். அசையாததால் நாங்களும் அந்தக் கருவிக்கு ஆளாகத் தெரியவில்லை போலும். மணி பதினொன்று இருபத்தைந்து. என் பையில் போன் ஒலித்தது.

'அம்மா வீடு திரும்பினார்.'

மூவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், மூவருமே பார்த்தோம்! யாரும் வரவில்லை. மறுபடி ஒலித்தது. 'அம்மா ஜன்னலைத் திறந்தார்.' ஜன்னல் எங்கள் கண்ணெதிரே சாத்தியே கிடந்தது. தையல்காரர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "நான் மேல ஏறி வந்து பாத்திருக்கணும்மா" என்று தன்னையே நொந்துகொண்டார். அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலையே உயிர் போயிருக்கிறது, நீங்கள் உடனே ஓடி வந்திருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். இருக்கட்டும். மேடையில் அந்த நான்கு நிமிடம் நின்றபோது எனக்கு அது தெரியாதே! அவர் உயிரோடு கிடக்கலாம் என்று தெரிந்துதானே பேசினேன்?

பணம் போட முன்வந்த முதலீட்டாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்மா" என்றார். டெலிபோன் அம்மாவுக்கு அடுத்த பதிப்பு ஏது? அந்த முதலீடு வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்று 'நலம்' சிறிய நிறுவனம். செய்தி வராவிட்டால் 'தெரியவில்லை, நேரில் பாருங்கள்' என்று அனுப்புகிறது. "காசு குடுத்துத் தெரியலைங்கற பதிலை வாங்கணுமா?" என்று கேட்டுப் பாதிப் பேர் விலகினார்கள். விலகட்டும்!

இளம் தொழில்முனைவோரே! உங்களிடமும் சொல்வார்கள், ஓட்டையை அடை என்று. உங்கள் படமும் ஒருநாள் அழகாகும், உங்கள் முதுகையும் ஒருவர் தட்டுவார். அப்போது கேளுங்கள்: இந்த வெள்ளை இடத்தில் யார் விழுந்து கிடக்கிறார்? தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத் திறமை போதும்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிவு வேண்டும்! அந்தத் துணிவு இல்லாத கருவி துணையாகாது, தொழிலாகாது!

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். எல்லாம் முடிந்து எட்டாம் நாள், டெலிபோன் அம்மாவின் மகள் போனில் கூப்பிட்டார். "அம்மா எந்திரிச்சுட்டாங்கன்னு இன்னைக்கும் செய்தி வந்துச்சு" என்றார். வீட்டிலிருந்து கருவிகளைக் கழற்றிய நாங்கள், அந்த ஒரு வரியைக் கழற்ற மறந்திருந்தோம்; அது தான் நிரப்பியதையே எடுத்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தது. பதறிப்போய், இப்போதே நிறுத்திவிடுகிறேன் அக்கா என்றேன். வேண்டாம் என்று தடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஒரு வாரம் மட்டும் விட்டு வைங்களேன். அது வந்தாத்தான் தூங்க முடியுது."

"பாவம்க்கா, விட்டுடலாம்" என்றான் முணுமுணுப்பு. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அன்று மாலை நானே உட்கார்ந்து அந்த வரியை அழித்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணி. செய்தி போகவில்லை. ஆறு முப்பத்தொன்றுக்கு என் போன் ஒலித்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவர் திட்டவில்லை. அத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவே ஒன்று மட்டும் சொன்னார்.

"இன்னைக்கு அம்மா எந்திரிக்கல."

பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கைதட்ட மறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் நன்றி. வணக்கம்.