ஐந்தாவது படகு

சலூனில் எனக்கு முன்னால் எவனாவது புகுந்து உட்கார்ந்தால், முடி வெட்டிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்துவிடுவேன் அய்யா. வரிசை தப்பினால் எனக்கு ஆகாது. இது புரிந்தால் மற்றதும் உங்களுக்கு விளங்கும்.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், மூட்டைகளைப் படகில் கொண்டுவருவார்கள். அலை அடங்கிய வழி ஒன்றுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு படகு நுழையலாம். கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியான நான் கரையில் கொடி காட்டுவேன். பச்சைக்கு வரலாம், சிவப்புக்கு நிற்க வேண்டும்.

ஒழுகுகிற படகில் தலைத்துண்டைத் துடுப்பில் கட்டித் தூக்கினால் மற்றவர்கள் வழிவிடுவார்கள். அது கடற்கரை வழக்கம். படகோட்டி கன்னியப்பன் இரண்டு முறை சும்மாவே தூக்கினான். கரையேறி, "இன்னா கெராணி, கோச்சிக்கினியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு படகு கரைசேர எட்டு நிமிடம். ஒருவன் முந்தினால் பின்னால் நிற்கும் ஒவ்வொரு படகுக்கும் எட்டெட்டு நிமிடம் பாழ். காற்று, அலை, படகு எண்ணிக்கை எல்லாம் வைத்து மூன்று மாதம் உட்கார்ந்து தாமத அட்டவணை போட்டேன். பிரெஞ்சுக்கார மேனேஜர் முசியே தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து துண்டு செல்லாது, முறை மீறிய படகுக்கு வேலை கிடையாது என்று ஆயிற்று.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் ஒரு காலை, ஐந்தாவதாக நின்ற கன்னியப்பன் படகில் துண்டு ஏறியது. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். ஏழு பேரில் நாலு பேர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் படகுக்குப் பச்சை காட்டினேன். அது ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டது. அவன் துடுப்புப் போட்டான். உடனே சிவப்பை ஏற்றினேன்.

அவன் மனைவி செல்வாம்பாள் கரையில் சிந்திய அரிசி கூட்டுகிறவள். ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி எறைக்கிறாங்கய்யா, பச்ச காட்டுங்கய்யா!"

"முன்னால இன்னும் நாலு படகு இருக்குதும்மா" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

கன்னியப்பன் நின்றான். முதல் தடவையாக முறையை மதித்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுபடி பச்சை காட்டினேன். முன்னால் இருந்தவர்கள் மனசில்லாமல் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாவது படகு கரை தட்டும்போது அவன் படகு கவிழ்ந்தது. நாலாவது படகு திரும்பிப் போய் மூன்று பேரைத் தூக்கியது. கன்னியப்பனும் மற்ற மூவரும் கிடைக்கவில்லை.

சிரித்ததற்குப் பழி தீர்த்தேன் என்கிறார்கள். அபாண்டம். படகு மூழ்குவது எனக்குத் தெரியும், கொடிக்கயிறும் என் கையில்தான் இருந்தது, தெரிந்தேதான் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்யவில்லை. அன்றைய அட்டவணையைப் பாருங்கள் அய்யா. ஐந்தாவது படகு கரைக்கு வரவில்லை, அதற்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு படகுக்கும் எட்டெட்டு நிமிடம் மிச்சம்.